ஆளில்லா அறையில் ஓடும் கம்ப்யூட்டர்

ஒளுச் செய்யும் பிள்ளை குழாயைத் திறந்துவிட்டபடியே பக்கத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. ஓர் அதட்டலாவது போடுகிறோம். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கிறார்கள். இஸ்ராஃப் என்றால் இன்னதென்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த வீடுகளிலும் ஒரு சாமான் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதை எவரும் ஏனென்று கேட்பதில்லை. மேசைக்கு அடியில் சிறு விளக்கு மினுக்க உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்தான் அது. தண்ணீரைப்போல அது சலசலப்பதில்லை. விசிறியைப்போலச் சுற்றுவது கண்ணில் படுவதுமில்லை. ஆகவே அது செலவழிப்பது நம் கணக்கில் வருவதே இல்லை. மின்வாரியத்தின் கணக்கில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றவாளி நானே என்பதால் ஒளிக்க ஒன்றுமில்லை.

2022 நவம்பர் கடைசியில் என் இளைய மகனுக்கு நிக்காஹ் நடந்து மருமகள் வீட்டுக்கு வந்தாள். அதே வாரத்தில்தான் வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. மகன் 2020 முதலே வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறவன். அதுவரை மடிக்கணினியில் வேலை பார்த்தவன், கண் வலிக்கிறது என்று சொல்லிப் பெரிய திரையோடு ஒரு மேசைக் கம்ப்யூட்டரை வாங்கினான். டிசம்பர் தொடக்கத்தில் ரீடிங் எடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போனது இரண்டு மாதத்துக்கு 402 யூனிட், 1,137 ரூபாய். பிப்ரவரியில் எழுதியது 536 யூனிட், 2,238 ரூபாய்.

அட்டையைப் பார்த்த என் மனைவி, “புதுசா ஒரு ஆள் வந்திருக்கு. வாஷிங் மெஷின் தினமும் ஓடுது, அயர்ன் பெட்டி ஓடுது. பில்லு ஏறாம என்ன செய்யும்?” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் நம் வீடுகளில் மெதுவாகச் சொன்னது எதுவும் சுவரோடு நிற்பதில்லை. மறுநாளிலிருந்து மருமகள் துணியைக் கையால் துவைக்கத் தொடங்கிவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். மனைவி சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது.

யூனிட் ஏறியது 134. பணம் ஏறியதோ 1,101 ரூபாய். இது எப்படி என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் வந்த வீட்டுக் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-க்கு மேல் ஒரே ஒரு யூனிட் போனாலும், அந்த 2 ரூபாய் 25 காசு என்ற சலுகைப் படி எடுபட்டுப்போகும்; 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு விழும். 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய். கூட்டிப் பாருங்கள். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் இந்த விகிதங்கள் மேலும் உயர்த்தப்பட்டன. ஆகவே உங்கள் பில்லில் இப்போது எந்த விகிதம் போடப்பட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் இங்கே சொல்வதெல்லாம் அன்றைய என் பில்லின் கணக்கு. எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்குப் பத்து யூனிட்டும் பெரிய விஷயம் என்பது மட்டும் விளங்கினால் போதும்.

யூனிட் என்பது என்ன? ஆயிரம் வாட் இழுக்கிற ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நூறு வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். இதில் வாட் எவ்வளவு என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதே பல சமயம் பெரிதாகிவிடுகிறது. அயர்ன் பெட்டி ஆயிரம் வாட் என்று பயப்படுகிறோம். கால் மணி நேரம் தேய்த்தால் கால் யூனிட்டைத் தாண்டாது. இடையிடையே அது தானாக நின்று நின்று ஓடுவதால் இன்னும் குறையும். பச்சைத் தண்ணீரில் ஒரு நடை துவைக்கிற மெஷினுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. எழுபத்தைந்து வாட் கம்ப்யூட்டர் ஒன்று இருபத்துநான்கு மணி நேரமும் சும்மா விழித்துக்கொண்டிருந்தால் 1.8 யூனிட். அதாவது ஏழு தடவை துணி துவைத்த செலவு, ஒரு துணியும் வெளுக்காமல்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அளந்து பார்த்த பிறகே தெரிந்தது. அளக்கும் வழியைச் சொல்கிறேன், பைசாச் செலவில்லாதது.

இப்போதைய மின்வாரிய மீட்டர்களில் சக்கரம் இல்லை. முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘இம்ப்/கே.டபிள்யூ.எச்’ என்று போட்டு ஓர் எண் அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதற்கு அர்த்தம், விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் ஓடியது என்பது. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளக்க வேண்டிய சாமானை மட்டும் ஓடவிட்டு, கால் மணி நேரம் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 4000-ஐ மீட்டரிலுள்ள எண்ணால் வகுத்து, வந்ததை உங்கள் எண்ணிக்கையோடு பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். 3200 மீட்டருக்கு 4000-ஐ வகுத்தால் ஒன்றேகால். ஆக, கால் மணியில் 80 தடவை மின்னினால் 100 வாட். எல்லாவற்றையும் என்றால் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட. இன்வெர்ட்டரை மறந்துவிட்டால் அதன் பேட்டரி ஏறுகிற கரண்ட்டும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். மெயினை இறக்கிவிட வேண்டாம்; தனித்தனி ஸ்விட்சுகளை நிறுத்தினாலே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் இதைச் செய்தோம். “கால் மணி நேரம் ஃப்ரிட்ஜை நிறுத்தினா பால் கெட்டுப்போகும்” என்று மனைவி சொன்னாள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் செய்தேன். எனக்குக் கண் சரியில்லை, மகன் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். ஆகவே மீட்டர் பெட்டிக்கு முன்னால் நோட்டோடு நின்று எண்ணியவள் மருமகள். மகன் வழக்கம்போல வேலை பார்த்த கால் மணியில் 92. அப்படியானால் 115 வாட். பிறகு மகன் எழுந்து வந்துவிட்டான். கம்ப்யூட்டரும் திரையும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அப்போது 60. அதாவது 75 வாட். நாற்காலியில் ஆளில்லை, விசைப்பலகையில் விரலில்லை. ஆனாலும் ஒரு சாதாரணச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் இழுக்கிற அவ்வளவு கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

இனி கணக்கு சுலபம். வேலை ஒன்பது மணி நேரம், 115 வாட் வீதம் ஒரு நாளைக்கு 1.035 யூனிட், அறுபது நாளுக்கு 62. மீதிப் பதினைந்து மணி நேரம் சும்மா கிடந்தது, 75 வாட் வீதம் ஒரு நாளைக்கு 1.125 யூனிட், அறுபது நாளுக்கு 67 அரை. (விடுமுறை நாளைத் தனியே பிரிக்கவில்லை, பிரித்தால் சும்மா கிடந்த பங்கு இன்னும் ஏறும்.) வேலை செய்ததற்கு ஆன செலவைவிட வேலை செய்யாமல் கிடந்ததற்கு ஆன செலவு அதிகம்! மொத்தம் ஏறக்குறைய 130 யூனிட். பழைய மடிக்கணினி இழுத்து வந்த பதின்மூன்று பதினான்கைக் கழித்தாலும் புதிதாக வந்த பாரம் 116. வீட்டில் ஏறியதோ 134. மிச்சம் 18 யூனிட்தான், ஒரு புது ஆள் வந்ததற்கான செலவு. அதாவது வாஷிங் மெஷினும் அயர்ன் பெட்டியும் மாடி அறை விசிறியும் எல்லாமாகச் சேர்த்து. நோட்டில் இந்தக் கழித்தலை அவளே போட்டாள். போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை என் கையில் கொடுத்தாள்.

“ஏம்ப்பா, ராத்திரியில் இதை ஏன் நிறுத்துவதில்லை?” என்று மகனிடம் கேட்டேன்.

“அத்தா, நீங்கதானே நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க?” என்றான்.

உண்மைதான். பல வருஷங்களுக்கு முன் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தபோது பழுது பார்க்க வந்த ஒருவர், அடிக்கடி அணைத்து அணைத்துப் போட்டால் உள்ளே இருக்கிற போர்டு போய்விடும், ஓடவிடுவதே நல்லது என்று சொல்லிப் போனார். அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, புதிய கம்ப்யூட்டர் வந்த அன்றே மகனுக்குக் கட்டளையும் போட்டிருந்தேன். பிள்ளை தகப்பன் சொல்லைத் தட்டவில்லை. பழியோ மருமகள் மேல் விழுந்தது. அன்று இரவு சாப்பாட்டின்போது எல்லாரும் இருக்கையில், பில்லை ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். அது அவ்வளவு சுலபமாக வாயில் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ரிப்பேர்க்காரர் சொன்னதில் ஏதேனும் உண்மை உண்டா? ஒரு நாளில் இருபது முப்பது தடவை அணைத்துப் போடுவது நல்லதல்லதான். இரவில் ஒரு தடவை அணைத்துக் காலையில் ஒரு தடவை போடுவதால் இன்றைய கம்ப்யூட்டர் கெடுவதில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற விசிறி தேய்கிறது, தூசி சேர்கிறது, சூடு ஏறுகிறது. அதுவும் ஆயுளைக் குறைப்பதே. இன்னும் சிலர், போடும்போது கரண்ட் மொத்தமாக இழுத்துவிடும், ஆகவே அணைத்து லாபமில்லை என்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுகிற கம்ப்யூட்டர் அந்த ஒரு நிமிஷமும் நூற்றைம்பது வாட் இழுத்ததாகவே வைத்துக்கொள்வோம். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் இரண்டு நிமிஷத்தில் தின்பது அவ்வளவு. தொழப் போய்த் திரும்புவதற்குள்ளேயே அது பல மடங்கு தின்று முடித்திருக்கும்.

திரையில் மீன் நீந்துவதும் வண்ணக் கோடுகள் ஓடுவதும் பார்த்து, அது ‘சேவர்’ ஆயிற்றே, கரண்ட்டைச் சேமிக்கிறது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது சேமிப்பது கரண்ட்டை அல்ல. பழங்காலக் கண்ணாடித் திரையைத்தான். குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் உள்ளே பூசிய பாஸ்பரத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்க ஜான் சோச்சா என்பவர் 1983-ல் ஓர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் பத்திரிகையில் சிறிய புரோகிராம் ஒன்றை வெளியிட்டார். மூன்று நிமிஷம் விரல் படாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும். இன்று நம் வீடுகளில் இருக்கிற எல்.இ.டி. திரைக்கு அந்த ஆபத்து இல்லை. மீன் நீந்துகிற நேரமெல்லாம் திரையின் பின்விளக்கு முழுதாக எரிகிறது, படம் வரைகிற சில்லும் வேலை செய்கிறது. சேமிப்பதற்கு மாறாகச் செலவு. அதை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் திரை அணையட்டும் என்று செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.

திரை அணைவது பாதி வேலைதான். கம்ப்யூட்டரும் தூங்க வேண்டும். இதற்கு உள்ளேயே மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். ‘ஸ்லீப்’ என்பது கோழித் தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் சொட்டுக் கரண்ட் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் அணைந்துவிடும். இரண்டு மூன்று வாட்தான் போகும், தொட்டவுடன் விழித்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் கரண்ட் போனால், சேமிக்காத வேலை போய்விடலாம். ‘ஹைபர்னேட்’ என்பது செய்துகொண்டிருந்த வேலையை எல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைவது. எழுவதற்குச் சிறிது நேரம் கூடுதல் ஆகும். கரண்ட் போனாலும் கவலையில்லை. நம் ஊர் மின்சாரத்தின் குணத்துக்கு இதுவே ஏற்றது என்பது என் எண்ணம். மூன்றாவது, முழுதாக ‘ஷட் டவுன்’. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழும்போது ஸ்லீப், இஷாவுக்குப் பின் வேலை முடிந்தால் ஷட் டவுன் என்று எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். மறதிக்காரப் பிள்ளைகளுக்காகப் பதினைந்து நிமிஷத்தில் தானாகத் தூங்கும்படியும் செட்டிங்கில் வைத்திருக்கிறது. ஏதாவது பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று இரவெல்லாம் விழிக்க வைப்பவர்கள், அது எத்தனை மணிக்கு முடியும் என்று பார்த்து அந்த நேரத்துக்குத் தானாக அணையும்படி செய்யலாம். பெரும்பாலும் அது பத்து மணிக்கே முடிந்து, சுபுஹு வரை கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஷட் டவுன் செய்தால் கரண்ட் அடியோடு நின்றுவிடுகிறதா? அதுவுமில்லை. மருமகள் இரண்டாம் சுற்றில் இதையும் எண்ணினாள். கம்ப்யூட்டர், திரை, ஸ்பீக்கர், பிரிண்டர், யு.பி.எஸ். ஆகிய எல்லாமே ‘அணைந்து’ கிடக்க, சுவர் ஸ்விட்ச் மட்டும் போட்டிருந்தது. கால் மணியில் விளக்கு ஐந்து தடவை மின்னியது. ஆறு வாட். பழைய மாடல் கம்ப்யூட்டர்களில் ஸ்விட்சை அமுக்கினால் கரண்ட்டே அறுபட்டுவிடும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் பட்டன் கரண்ட்டை அறுப்பதில்லை; நிறுத்து என்று உத்தரவு மட்டும் கொடுக்கும். மறுபடி எழுப்புகிற உத்தரவைக் கேட்பதற்காக உள்ளே ஐந்து வோல்ட் ஒன்று எப்போதும் விழித்திருக்கும். இந்த விழிப்பை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் பல வகை வீட்டுச் சாதனங்களுக்கு 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று சட்டமே போட்டன. நம் வீட்டில் கிடப்பவை பல தரத்தவை. ஐந்து சாமான் சேர்ந்தால் ஐந்தாறு வாட் ஆகிவிடுகிறது.

இதற்கு நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. அமெரிக்கா போய்வந்த உறவினர் ஒருவர் சொன்னார், அங்கே சுவர்ப் பிளக்குக்குப் பெரும்பாலும் ஸ்விட்சே கிடையாதாம். பிடுங்கித்தான் வைக்க வேண்டும். நம் வீட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கிறது. கம்ப்யூட்டர் முழுதாக அணைந்த பின் அதைத் தட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் யு.பி.எஸ். உள்ளவர்கள் முதலில் அதன் சொந்த பட்டனை அணைத்துவிட்டுத்தான் சுவர் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, பேட்டரியைத் தின்றபடி வீட்டையே எழுப்புகிற மாதிரிக் கத்தும். சுவர் ஸ்விட்சை நிறுத்தி வைத்தால் உள்ளே கடிகாரத்துக்காக இருக்கிற காசு போன்ற பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரலாம். அது சில்லறைச் செலவு.

வைஃபை பெட்டியைப் பற்றிக் கேட்பார்கள். எங்களுடையது பத்து வாட். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல். இரவு பதினொன்று முதல் ஐந்து வரை அணைத்தால் மிஞ்சுவது மூன்றரை யூனிட். செய்தால் நல்லதே; இதற்காக வீட்டில் சண்டை போடத் தேவையில்லை. வாசல் கேமராவும் வீட்டு ஃபோனும் அதில் தொங்குகிற வீடுகளில் அணைக்கவே வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் விளையாடுகிற கம்ப்யூட்டர் வேறு ஜாதி. அதற்குள் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கும். விளையாட்டு மும்முரமாகும்போது எல்லாம் சேர்ந்து முந்நூறு, முந்நூற்றைம்பது வாட் வரை போகிறவை சாதாரணம். கோடை விடுமுறையில் 350 வாட் கம்ப்யூட்டரில் தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் அறுபது நாளில் 84 யூனிட். மூத்த மகன் வீட்டில் இதே கதை. அங்கே பேரனோடு உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். திரை ஒரு வினாடிக்கு அறுபது படம்தான் காட்ட முடியும் என்றாலும், கட்டுப்படுத்தாவிட்டால் கார்டு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கும். காட்ட முடியாததெல்லாம் வெறும் சூடு. விளையாட்டின் செட்டிங்கில் அறுபதோடு நிறுத்து என்று ஒரு வரி உண்டு. அதைப் போட்டவுடன் விசிறியின் இரைச்சல் இறங்கியது எனக்கே கேட்டது. “விளையாட்டு ஒண்ணும் குறையல, நன்னா” என்று அவனே சாட்சி சொன்னான்.

ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் அனைத்தும் கடைசியில் சூடாகவே அறையில் இறங்குகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. மேலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரண்ட் எடுக்கும். நூறு வாட் கம்ப்யூட்டர் அங்கே நூற்று முப்பது வாட்டுக்குச் சமம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் அசெம்பிள் செய்யும்போது எல்லாரும் பிராசசர் என்ன, மெமரி எவ்வளவு என்று கேட்பார்கள், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, கேபினட்டோடு சேர்ந்து வருவதை வாங்கி வந்துவிடுகிறோம். சுவரிலிருந்து வருகிற கரண்ட்டை உள்ளே ஏற்றபடி மாற்றித் தருவது அதுதான். மாற்றும்போது ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். நூற்றுக்கு 65 மட்டும் தேறுகிற மட்டமான பெட்டியாக இருந்தால், உள்ளே 50 வாட் தேவைப்படும்போது சுவரிலிருந்து 77 வாட் எடுக்கும். 85 தேறுகிற பெட்டி 59-ல் முடித்துவிடும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை 2004 முதல் இதற்காகவே ஏற்பட்டது. நூற்றுக்கு எண்பதாவது தேறும் என்று சோதித்து ஒட்டுவது. கம்ப்யூட்டர் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிற சாமான் அது ஒன்றுதான்.

மேசைக் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு மடிக்கணினிக்கே மாறிவிடலாமா என்று மகனும் யோசித்தான். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் மடிக்கணினி இருபத்தைந்து வாட்டில் ஓடிவிடும் என்பது உண்மை. அவனுக்கு வேலை நேரத்தில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட் குறையும். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,750 ரூபாய். அந்தத் தொகைக்காகப் பல ஆயிரம் கொடுத்துப் புதிது வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. அது போதாதென்று, நன்றாக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரைக் குப்பையாக்குவதும் வேறொரு விரயமே. பழையது தானாக ஓய்ந்தபின் வாங்குவதைச் சிறியதாக வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். திரையின் வெளிச்சத்தை மட்டும் பாதியாகக் குறைத்தான். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த வெளிச்சம் அது. வீட்டு அறைக்கு அவ்வளவு வேண்டியதில்லை, கண் வலியும் குறைந்தது என்கிறான்.

பில் கட்டுகிறவர் ஒருவர், கரண்ட் செலவழிக்கிறவர் மற்றொருவர் என்ற நிலை நம்மில் பல வீடுகளில் உண்டு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். மாடியில் குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கரண்ட்டுக்கு மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் இரவெல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டர் வெறும் விரயத்தோடு நிற்பதில்லை. பில் கட்டுகிறவரின் ஹக்கில் கைவைப்பதாகவும் ஆகிறது. வாடகை பேசும்போது விசிறி இரண்டு, லைட் நான்கு என்று பேசியிருப்பார்கள்; கம்ப்யூட்டரை எண்ணியிருக்க மாட்டார்கள். குடியிருப்பவரே முன்வந்து, என் கம்ப்யூட்டர் இத்தனை யூனிட் எடுக்கிறது என்று அளந்து சொல்லி ஒரு தொகை சேர்த்துக் கொடுத்துவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது. அளப்பதற்கு வழி மேலே சொல்லியிருக்கிறது.

2023 ஏப்ரல் தொடக்கத்தில் ரீடிங் எடுக்க வந்தவர் எழுதியது 463 யூனிட், 1,503 ரூபாய். பங்குனி வெயிலில் விசிறிகள் கூடுதலாக ஓடியும் பிப்ரவரியைவிட 73 யூனிட் குறைவு, 735 ரூபாய் மிச்சம். வாஷிங் மெஷின் மறுபடி தினமும் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மாதம் அது. அட்டையை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்த நோட்டை எடுத்துட்டு வா. இந்த ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்குதுன்னு எண்ணியாச்சா?” என்று கேட்டாள்.

எண்ணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் எண்ணுவதாக இருக்கிறோம் என்று மருமகள் சொன்னாள்.